மணிக்கணக்கு முடிந்த பிறகு

சென்ற ஜூன் பள்ளி விடுமுறையில் என் அக்கா மகள் எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தாள். உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். ஒருநாள் இரவு, சாப்பாட்டு மேசையில் கைப்பேசியை முன்னால் வைத்துக்கொண்டு விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

"சித்தி, இன்னும் ஆறு மணி நேரம் குறையுது. உங்க ரேடியோவுல ஏதாவது தொண்டூழிய வேலை இருக்கா? ஒரே சனிக்கிழமையில முடிச்சிடலாம்."

"என்ன மாதிரி வேலை செய்யணும்னு ஆசை?"

"எதுன்னாலும் சரி சித்தி. மணி நேரத்தைப் போட்டுக் கையெழுத்து குடுத்தா போதும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கொஞ்சம் கோபமும் வந்தது. 'சேவை என்பது கையெழுத்துக்காகச் செய்வதா?' என்று ஒரு சிறு சொற்பொழிவு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டேன். அவளுக்கு அறிவுரை சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்ற கேள்வி குறுக்கே வந்து நின்றதுதான் காரணம்.

நான்கு விநாடி

எட்டு ஆண்டுகளுக்கு முன் நடந்தது. நான் வானொலியில் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சிக்காக ஒரு தாதிமை இல்லத்துக்குச் சென்றோம். முறுக்கு, அதிரசம், அன்பளிப்புப் பைகள், பெரிய பதாகை, கேமரா எல்லாம் வந்தன. மொத்தம் இரண்டு மணி நேரம். பத்துப் பேரிடமாவது வாழ்த்து வாங்கிவிட வேண்டும் என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

சன்னலோரக் கட்டிலில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். "பாட்டி, நேயர்களுக்குத் தீபாவளி வாழ்த்து சொல்லுங்க" என்று ஒலிவாங்கியை நீட்டினேன். அழகாகச் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, அடுத்த வாரமும் வருவியா?"

என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். பிறகு, "வர்றேன் பாட்டி" என்றேன்.

அன்று மாலை ஒலிப்பதிவைத் தொகுக்க உட்கார்ந்தபோது அந்தக் கேள்வியும் பதிவாகியிருந்தது. கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவே நான்கு விநாடி மௌனம். வானொலியில் நான்கு விநாடி மௌனம் என்றால் கருவி பழுதாகிவிட்டதோ என்று நேயர்கள் நினைப்பார்கள். கேள்வி, மௌனம், பதில் மூன்றையும் வெட்டி எறிந்தேன். நிகழ்ச்சி நன்றாக இருந்தது என்று பலர் பாராட்டினார்கள்.

அடுத்த வாரம் நான் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை.

அக்கா மகளுக்கு ஆறு மணி நேரம் குறைந்தது. எனக்கு என்ன குறைந்தது என்று அன்றைக்குத் தெரியவில்லை. அது புரிவதற்கு அமெரிக்காவில் இருக்கும் ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தைப் பற்றிப் படிக்க வேண்டியிருந்தது. நான் அதைத் தேடிப் போகவில்லை. என் தொழில் சம்பந்தமாக வேறொன்றைத் தேடப்போய் அது அகப்பட்டது.

ஒரே பெயரில் இருவர்

காலை நேர வானொலி எப்படி வளர்ந்தது என்பது பற்றி ஒரு நிகழ்ச்சித் தொகுப்புக்காகக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். காலை நிகழ்ச்சி செய்கிற எவரும் டான் மெக்னீல் என்ற பெயரைத் தாண்டிப் போக முடியாது. 1933ஆம் ஆண்டு ஜூன் மாதம் சிகாகோவில் 'பிரேக்ஃபாஸ்ட் கிளப்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கி, 1968 டிசம்பர்வரை 35 ஆண்டுகளுக்கு மேல் நடத்தியவர். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இசை ஒலிக்கும். அரங்கத்தில் இருப்பவர்கள் எழுந்து காலை உணவு மேசையைச் சுற்றி அணிவகுப்பார்கள். வீட்டில் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும் அழைப்பு உண்டு. நாம் இன்று செய்கிற கலகலப்பான காலை நிகழ்ச்சிகளுக்கெல்லாம் அவர் ஒரு முன்னோடி.

அந்தக் கலகலப்புக்கு நடுவே அவர் இன்னொன்றும் செய்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், போருக்குச் சென்றவர்களை நினைத்து நேயர்கள் தத்தம் வழியில் வேண்டிக்கொள்ள ஒரு கணம் மௌனத்துக்கு இடம் விட்டார். நாடு முழுவதும் ஒலிபரப்பாகும் நிகழ்ச்சியில் வேண்டுமென்றே ஒரு மௌனம்! அதைப் படித்தபோது நான் வெட்டி எறிந்த நான்கு விநாடி நினைவுக்கு வந்தது.

அவரைப் பற்றி மேலும் தேடினால், அதே பெயரில் இன்னொருவரும் வந்துகொண்டே இருந்தார். அருள்தந்தை டான் மெக்னீல். முதலில் ஏதோ பெயர்க் குழப்பம் என்று நினைத்து ஒதுக்கினேன். பிறகுதான் தெரிந்தது, அவர் வானொலிக்காரரின் மகன். திருச்சிலுவைச் சபைக் குருவானவர். நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்பித்தவர். 1983ஆம் ஆண்டு அங்கே 'சமூக அக்கறை மையம்' என்ற ஒன்றைத் தொடங்கி, 2002வரை அதன் இயக்குநராக இருந்தவர். 2017இல் காலமானார்.

இன்னொரு செய்தி என்னை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்தது. அந்த மையம் முதன்முதலில் குடியேறிய இடம், பல்கலைக்கழகத்தின் தொலைக்காட்சி நிலையம் இயங்கிவந்த பழைய கட்டடம். ஒலிபரப்புக்காரரின் மகன், ஒலிபரப்பாளர்கள் காலி செய்துவிட்டுப் போன கூடத்தில் உட்கார்ந்து, மாணவர்களுக்குக் காது கொடுத்துக் கேட்கக் கற்றுக்கொடுத்தார்!

கார் ஆலை மூடிய ஊர்

நோட்டர் டேம் என்றதும் பாரிஸ் தேவாலயம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். இது அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், சவுத் பெண்ட் என்ற ஊரை ஒட்டி இருக்கும் பல்கலைக்கழகம். 1842இல் பிரான்ஸிலிருந்து வந்த எட்வர்ட் சோரின் என்ற திருச்சிலுவைச் சபைக் குருவானவர் தொடங்கியது. தங்கக் கோபுரம், இரண்டு ஏரிகள், அமெரிக்கக் காற்பந்துக்குப் பெயர் பெற்ற அணி, வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் என்று வெளியுலகம் அறிந்த படம் ஒன்று உண்டு.

வேலிக்கு வெளியே வேறொரு படம் இருந்தது. சவுத் பெண்ட் ஊருக்குச் சோறு போட்டது ஸ்டுடபேக்கர் கார் ஆலை. 1963 டிசம்பரில் அங்கே உற்பத்தி நின்றது. ஏறக்குறைய 7,000 பேர் வேலை இழந்தார்கள். ஊர் மெலிந்துகொண்டு போக, பல்கலைக்கழகம் வளர்ந்துகொண்டு போனது. ஒரே ஊரில் இரண்டு உலகம்.

அப்போது பல்கலைக்கழகத் தலைவராக இருந்தவர் அருள்தந்தை தியோடர் ஹெஸ்பர்க். 1952 முதல் 1987வரை 35 ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தவர். 1957இல் அமைக்கப்பட்ட அமெரிக்கக் குடியுரிமைகள் ஆணையத்தின் தொடக்க உறுப்பினர்களில் ஒருவர். 1964 ஜூன் 21ஆம் தேதி சிகாகோவில் நடந்த பெருங்கூட்டத்தில் மார்ட்டின் லூதர் கிங்குடன் கைகோத்து நின்று அவர் பாடும் புகைப்படம் புகழ்பெற்றது. தலைவரே வீதியில் இறங்கி நின்ற பல்கலைக்கழகத்தில், மாணவர்களும் ஏதாவது செய்ய வேண்டும் என்று துடித்ததில் வியப்பில்லை.

1972இல் அங்கே தொண்டூழியத்துக்கென்று ஓர் அலுவலகம் திறந்தார்கள். 1977இல் அனுபவத்தின் வழியே கற்பதற்கென ஒரு மையம் உருவானது. ஒன்று மாணவர்களை வெளியே அனுப்பியது. மற்றொன்று, போய்வந்ததை யோசிக்க வைத்தது. இரண்டும் தனித்தனியாக இருந்தால் பயனில்லை என்று கண்டு, 1983இல் ஒன்றாக இணைத்தார்கள். அதுதான் சமூக அக்கறை மையம்.

மையத்தின் சூட்சுமம் எல்லாம் அந்த இணைப்பில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நம்மில் பலரும் முதல் அலுவலகத்தோடு நின்றுவிடுகிறோம்.

போவதற்கு முன், வந்த பின்

அங்கே பல ஆண்டுகள் நடந்துவந்த ஒரு திட்டத்தைச் சொல்கிறேன். குளிர்கால விடுமுறையில் மாணவர்கள் ஒரு பெருநகரத்தின் ஏழ்மையான பகுதிக்குச் சென்று 48 மணி நேரம் தங்குவார்கள். வீடற்றோர் தங்குமிடம், இலவசச் சமையற்கூடம், தேவாலயக் கூடம் என்று சுற்றி, அங்கே இருப்பவர்களோடு பேசுவார்கள். பெரிய வேலை எதையும் செய்து முடிப்பது நோக்கமல்ல. பார்ப்பதும் கேட்பதும்தான் வேலை. போவதற்கு முன் படிக்க வேண்டியவை உண்டு. வந்த பிறகு எழுதிக் கொடுக்க வேண்டிய கட்டுரை உண்டு. சக மாணவர்களோடு உட்கார்ந்து பேசும் கூட்டமும் உண்டு.

அப்பலேச்சியா என்ற மலைப்பகுதிக்குச் செல்லும் திட்டம் இன்னொன்று. நிலக்கரிச் சுரங்கங்களை நம்பி வாழ்ந்த மக்கள் அங்கே இருக்கிறார்கள். இலையுதிர்கால விடுமுறையில் மாணவர்கள் சென்று வீடுகளைப் பழுதுபார்ப்பது போன்ற வேலைகளில் உதவுவார்கள். ஆனால் விடுமுறை தொடங்குமுன்பே வகுப்புகள் தொடங்கிவிடும். மலையைத் தோண்டி எடுத்த நிலக்கரியின் பணம் எங்கே போனது, மலையில் வாழ்ந்தவர்கள் ஏன் ஏழைகளாகவே இருக்கிறார்கள் என்பதைப் படித்துவிட்டுத்தான் சுத்தியலைத் தொடவேண்டும். திரும்பி வந்த பிறகும் வகுப்பு உண்டு.

1980இல் தொடங்கிய கோடைக்காலத் திட்டம் இவற்றைவிடப் பெரியது. எட்டு வாரங்கள் ஒரே இடத்தில் தங்கிச் சேவை செய்ய வேண்டும். வெவ்வேறு நகரங்களில் இருக்கும் முன்னாள் மாணவர் சங்கங்கள் அவர்களுக்கு ஆதரவு கொடுத்தன. கோடையில் வேலை பார்த்துத்தான் அடுத்த ஆண்டுக் கட்டணத்தைச் சேர்க்க வேண்டும் என்ற நிலையில் இருக்கும் மாணவர்கள் என்ன செய்வார்கள்? அதையும் யோசித்துக் கல்வி உதவித்தொகை கொடுத்தார்கள். சேவை என்பது வசதி உள்ளவர்கள் மட்டும் செய்யக்கூடிய பொழுதுபோக்காக ஆகிவிடக் கூடாது அல்லவா? படிப்பும் எழுத்தும் கூடவே இருந்ததால், இறையியல் பாடமாகவும் அது கணக்கில் சேர்ந்தது.

மதிப்பெண் சேவைக்குக் கிடையாது, அதிலிருந்து கற்றதற்குத்தான் என்பது இங்கே முக்கியமான வேறுபாடு. எத்தனை மணி நேரம் நின்றாய் என்று யாரும் கேட்பதில்லை. என்ன பார்த்தாய், ஏன் அப்படி இருக்கிறது, உன் நம்பிக்கை அதைப் பற்றி என்ன சொல்கிறது, இனி என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கிறார்கள்.

இன்னும் ஒரு படி மேலே போய், கொடுப்பவர், வாங்குபவர் என்ற பிரிவையே அழித்துவிடும் வகுப்பும் உண்டு. பல்கலைக்கழகத்துக்கு மேற்கே வெஸ்ட்வில் என்ற ஊரில் ஒரு சிறைச்சாலை இருக்கிறது. நோட்டர் டேம் மாணவர்கள் அங்கே சென்று, சிறையில் இருக்கும் மாணவர்களோடு ஒரே வகுப்பில், ஒரே பாடத்தைப் படிக்கிறார்கள். உதவி செய்யப் போகவில்லை. உடன் படிக்கப் போகிறார்கள். அதே சிறையில், அருகிலுள்ள திருச்சிலுவைக் கல்லூரியோடு சேர்ந்து, கைதிகள் பட்டப்படிப்பே முடிக்கும் ஏற்பாட்டையும் நோட்டர் டேம் செய்திருக்கிறது.

2009இல் பழைய தொலைக்காட்சிக் கட்டடம் இருந்த இடத்தில் கெடஸ் ஹால் என்ற புதுக் கட்டடம் திறக்கப்பட்டது. அண்மையில் மையத்தின் தகுதியை உயர்த்திப் பெயரையும் சற்று மாற்றியிருக்கிறார்கள். முறை மாறவில்லை. போவதற்கு முன் படி, போய்க் கேள், வந்த பின் யோசி.

பென்சிலும் அழிப்பானும்

இதெல்லாம் எந்தப் பல்கலைக்கழகமும் செய்யலாமே, இதில் சமயம் எங்கே வருகிறது என்று கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன்.

கத்தோலிக்கத் திருச்சபைக்கு ஒரு சமூகப் போதனை மரபு உண்டு. 1891ஆம் ஆண்டு மே 15ஆம் தேதி திருத்தந்தை 13ஆம் லியோ, தொழிலாளர் நிலை பற்றி ஒரு சுற்றுமடல் எழுதினார். நியாயமான கூலி, சங்கம் வைக்கும் உரிமை ஆகியவற்றைத் திருச்சபையின் தலைவரே எழுதியது அந்தக் காலத்தில் பெரிய செய்தி. அதிலிருந்து வளர்ந்த மரபு, ஏழைக்கு உணவு கொடுப்பதை அன்பு என்றும், அவர் ஏன் பசியோடு இருக்கிறார் என்று கேட்டு அதை மாற்ற முயல்வதை நீதி என்றும் சொல்கிறது. நடப்பதற்கு இரண்டு கால்களும் வேண்டும். மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில், பசித்தவரிடமும் சிறையில் இருப்பவரிடமும் தம்மையே காணச் சொல்கிறார் இயேசு. அதை நம்புகிற ஒருவருக்குச் சிறையில் இருப்பவர் 'பயனாளி' ஆக முடியாது.

அருள்தந்தை மெக்னீல், ஹென்றி நௌவென், டக்ளஸ் மாரிசன் மூவரும் சேர்ந்து 1982இல் 'கம்பேஷன்' என்ற நூலை வெளியிட்டார்கள். பரிவு என்று சொல்லலாம். அதை எழுதும் யோசனையில் இருந்தபோது, அரசியலில் பரிவுக்கு இடம் உண்டா என்று கேட்க, அமெரிக்க மேலவை உறுப்பினரும் முன்னாள் துணை அதிபருமான ஹூபர்ட் ஹம்ஃப்ரியைப் போய்ச் சந்தித்தார்கள். அவர் மேசையிலிருந்த பென்சிலை எடுத்துக் காட்டினாராம். நீளமான பென்சில், நுனியில் சிறிய அழிப்பான். வாழ்க்கையில் பெரும்பகுதி போட்டிதான். தவறு நேர்ந்தால் துடைப்பதற்கு மட்டும் நுனியில் பரிவு என்பது அவர் விளக்கத்தின் சாரம்.

பரிவு என்பது அழிப்பான் அளவுதானா என்ற கேள்வியிலிருந்துதான் அந்த நூல் தொடங்குகிறது. அடுத்த ஆண்டே மையமும் தொடங்கியது. மாணவர்களின் நான்கு ஆண்டுப் படிப்பில் சேவை நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு துண்டாக இருக்கக் கூடாது என்று அவர் பிடிவாதமாக இருந்ததற்கு, அந்தப் பென்சிலும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

என் மனத்தில் சட்டென்று வந்தது, ஆறு மணி நேரம் குறைகிறது என்ற அக்கா மகளின் கணக்கு. அதுவும் ஓர் அழிப்பான் அளவுதான்.

யாருக்கு நன்மை?

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. 48 மணி நேரத்தில் ஏழ்மையை ஒருவர் எவ்வளவு புரிந்துகொள்ள முடியும்? மாணவர் பார்த்துவிட்டுப் போவார். பார்க்கப்பட்டவர் அங்கேயே இருப்பார். அவருக்கு என்ன மிச்சம்?

இதைக் கடுமையாகக் கேட்டவரும் ஒரு கத்தோலிக்கக் குருவானவர்தான். 1968 ஏப்ரலில், கோடைக்காலச் சேவைக்காக மெக்சிகோவுக்குப் போய்வரும் அமெரிக்க மாணவர் அமைப்பினர் முன்னால் இவான் இலிச் பேசினார். நல்லெண்ணம் மட்டும் போதாது, உங்கள் மொழி புரியாத மக்கள்மீது உங்கள் உதவியைத் திணிக்காதீர்கள், பார்க்கவும் கற்கவும் வாருங்கள், உதவி செய்ய வராதீர்கள் என்ற பொருளில் அவர் பேசிய பேச்சு இன்றும் தொண்டூழியம் கற்பிக்கும் வகுப்புகளில் படிக்கப்படுகிறது.

நோட்டர் டேம் மையத்தின் முறை இந்தக் குற்றச்சாட்டுக்கு முழுப் பதில் ஆகாது. ஆனால் ஒரு பாதிப் பதிலாவது அதில் இருக்கிறது. போகிறவரை முதலில் மாணவர் என்று வைக்கிறது, மீட்பர் என்று வைக்கவில்லை. கற்றுக்கொடுப்பவர் அங்கே இருக்கும் மனிதர். மீதிப் பாதி, திரும்பத் திரும்பப் போவதில் இருக்கிறது. அதை எந்தப் பாடத்திட்டமும் கட்டாயப்படுத்த முடியாது.

நம் பிள்ளைகளின் கணக்கு

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1997இல் சமூக ஈடுபாட்டுத் திட்டம் வந்தபோது நான் தொடக்கப்பள்ளியில் இருந்தேன். ஆண்டுக்கு ஆறு மணி நேரம் சேவை. பழைய செய்தித்தாள் சேகரித்ததும், கடற்கரையில் குப்பை பொறுக்கியதும், கொடி நாளில் உண்டியல் ஏந்தியதும் நினைவிருக்கிறது. யாருக்காக அந்த உண்டியல் என்பது மட்டும் நினைவில்லை. 2012இல் அதற்குப் பதிலாக 'வேல்யூஸ் இன் ஆக்‌ஷன்' வந்தது. மணிக்கணக்கைவிட, செய்ததைப் பற்றிச் சிந்திப்பதும் பிள்ளைகளே பொறுப்பெடுப்பதும் முக்கியம் என்றது புதிய திட்டம். சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெறக் குறைந்தது 80 மணி நேரச் சமூக சேவை வேண்டும். மலேசியாவில் 2019 முதல் 'சுலாம்' என்ற பெயரில் பல்கலைக்கழகப் பாடங்களோடு சேவையை இணைத்து வருகிறார்கள்.

ஆக, திட்டங்களுக்குக் குறைவில்லை. சிந்திக்க வேண்டும் என்று அவற்றில் எழுதியும் இருக்கிறது. வீட்டுக்கு வந்து சேரும்போது மட்டும் அது மீண்டும் மணிக்கணக்காக ஆகிவிடுகிறது. காரணம், பெற்றோரும் சித்திமார்களும் கேட்கிற ஒரே கேள்வி, 'எத்தனை மணி நேரம் முடிஞ்சது?' என்பதுதான்.

நமக்கு இது புதிதும் அல்ல. அப்பர் பெருமான் உழவாரப்படையோடு கோயில் கோயிலாகச் சென்று புல் செதுக்கியதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கோயிலில் அன்னதானம் பரிமாறுகிறோம். பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சி எல்லா இனத்தவருக்கும் கொடுக்கிறார்கள். தேவாலயத்தில் ஏழைகளுக்கான பெட்டி இருக்கிறது. கை நீளமாகத்தான் இருக்கிறது. பரிமாறி முடித்துக் கை கழுவிய பிறகு, பத்து நிமிடம் உட்கார்ந்து, 'இன்று வந்தவர்களில் யார் தனியாக வந்தார்கள், ஏன்?' என்று பிள்ளைகளோடு பேசுகிற வழக்கம்தான் குறைவு.

ஐந்தாவது அரிசிப் பை

அக்கா மகளுக்கு நான் வானொலியில் வேலை வாங்கிக் கொடுக்கவில்லை. வாடகை வீடுகள் இருக்கும் ஒரு புளோக்கில் மாதந்தோறும் மளிகைப் பொருள் விநியோகிக்கும் குழு ஒன்றில் சேர்த்துவிட்டேன். ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன். போவதற்கு முன் அரை மணி நேரம் என்னோடு உட்கார வேண்டும். வந்த பின் அரை மணி நேரம்.

"அந்த ஒரு மணி நேரத்தையும் கணக்குல சேத்துக்கலாமா சித்தி?"

"முடியாது."

முதல்நாள் இரவு, அந்த வட்டாரத்தில் யார் இருக்கிறார்கள், வாடகை வீடு யாருக்குக் கிடைக்கும் என்று இருவரும் சேர்ந்து படித்தோம். எனக்கே பாதி தெரியவில்லை.

சனிக்கிழமை மாலை வந்தாள். காலணியைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"சித்தி, ஒரு தாத்தா வீட்டுக்குப் போனோம். அவருக்குக் கண்ணு சரியா தெரியல. சமைக்கிறதையே நிறுத்திட்டாராம். கீழ காப்பிக்கடையிலதான் சாப்பிடுறாரு. மூலையில நாலு அரிசிப் பை பிரிக்காம கிடக்கு. நாங்க அஞ்சாவதையும் குடுத்துட்டு, போட்டோ எடுத்துக்கிட்டு வந்துட்டோம். ஏன் சித்தி யாருமே அவரைக் கேக்கல?"

என்னிடம் பதில் இல்லை. அரிசி கொடுத்தவர்கள் நல்லவர்கள். சுமந்தவர்கள் நல்லவர்கள். வாங்கிக்கொண்ட தாத்தாவும், பிள்ளைகள் மனம் நோகக் கூடாது என்று வாங்கிக்கொண்ட நல்லவர்தான். நடுவே ஒரு கேள்வி விட்டுப்போயிருந்தது.

குழுவின் பொறுப்பாளரிடம் அவளையே பேசச் சொன்னேன். தயங்கித் தயங்கிப் பேசினாள். அவரும் கேட்டுக்கொண்டார். அடுத்த விநியோகத்துக்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் என்ன வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளப் போகிறார்களாம். நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவளுக்கு ஆறு மணி நேரமும் முடிந்து, கையெழுத்தும் கிடைத்துவிட்டது. ஆனாலும் அந்தக் கேட்டு எழுதும் வேலைக்குத் தானும் வருவதாகப் பெயர் கொடுத்திருக்கிறாள்.

பிறகு அவள் என்னிடம் திரும்பினாள். "நீங்க எங்கயாவது போறீங்களா சித்தி?"

அந்தத் தாதிமை இல்லத்துக்குத் தொலைபேசியில் அழைத்தேன். எட்டு ஆண்டுகள் கழித்து. பாட்டி, நான் சென்றுவந்த இரண்டாம் ஆண்டே காலமாகிவிட்டார். தகவல் சொன்ன தாதி, தீபாவளி நேரத்தில் வருகிறவர்கள் அதிகம், மற்ற மாதங்களில்தான் ஆளில்லை என்றார். குறை சொல்லும் தொனி இல்லை. மழை அதிகம், வெயில் குறைவு என்பதுபோலச் சொன்னார்.

இப்போது மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் போகிறேன். ஒலிவாங்கி கிடையாது. நான்கைந்து பேருக்குத் தமிழ்ச் செய்தித்தாள் வாசித்துக் காட்டுகிறேன். தலைப்புச் செய்தியில் தொடங்குவேன் என்று நினைத்தேன். அவர்கள் முதலில் கேட்பது நினைவஞ்சலிப் பக்கம். தெரிந்த முகம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். ஒவ்வொரு பெயரையும் வாசித்துவிட்டுச் சற்று நிறுத்துகிறேன். சில பெயர்களுக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. சில பெயர்களுக்கு நீண்ட நேரம் கழித்து ஒரு கதை வரும்.

சென்ற மாதம் கிளம்பும்போது ஒருவர் கேட்டார், "அடுத்த மாசமும் வருவியாம்மா?" என்று. தேதியைச் சொன்னேன். தலைமாட்டில் இருக்கும் நாட்காட்டியில் அவரே வட்டம் போட்டுக்கொண்டார்.